உனக்கு என்னய்யா குறை?

2019 ஆகஸ்டில் கேரளத்து இடுக்கி மலையிலுள்ள புத்தடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. எல்லாக் காயும் அந்த விலைக்குப் போகவில்லை, அது உச்ச விலை. ஆனாலும் தமிழ்நாட்டுப் பக்கம் அடிவாரத்திலுள்ள கம்பத்திலிருந்து விடிகாலையில் மலையேறுகிற ஜீப்புகளில் அந்த வருடம் முழுக்க அதே பேச்சுதான். முந்தைய வருட வெள்ளத்திலும் அடுத்து வந்த வறட்சியிலும் செடி அழிந்து காய் குறைந்ததால் ஏறிய விலை அது. காய் தப்பிய தோட்டங்களில் பணம் புரண்டது. நான் கணக்கு எழுதுகிற தோட்டம் வண்டன்மேட்டுப் பக்கம். தப்பிய தோட்டங்களில் ஒன்று. முதலாளி வழக்கத்தைவிடக் கூடுதலாக போனஸ் கொடுத்தார். மகள் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். வீட்டுக் கடன் முடிகிற நேரம். அந்த வருடத்தில்தான் எனக்குத் தீவிர மனச்சோர்வு வந்தது.

காய் விலையில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. நான் படுத்த நாளிலிருந்து இன்றுவரை என்னிடம் பேசியவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்டது "எதனால வந்துச்சு?" என்றுதான். கடனா, சொத்துத் தகராறா, வீட்டில் சண்டையா என்று அவர்கள் மனதில் ஒரு பட்டியல் இருக்கும். அதில் எதுவும் எனக்குப் பொருந்தவில்லை. பொருந்தவில்லை என்றதும் இது நோயே இல்லை என்று வீட்டிலும் தோட்டத்திலும் முடிவு கட்டினார்கள். காரணம் அகப்பட்டால் சரியாகிவிடும் என்று எல்லோரும் காரணத்தையே தேடிக்கொண்டிருக்க, நோய் முற்றிக்கொண்டு போனது. நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்: காரணம் தெரியட்டும், தெரியாமலே போகட்டும், அதற்காக வைத்தியத்தை நிறுத்தி வைக்காதீர்கள்.

முதலில் கெட்டது தூக்கம். படுத்தவுடன் தூங்கிவிடுவேன். மூன்று மணிக்கு விழிப்பு வரும். வந்தால் அவ்வளவுதான், பிறகு கண் மூடாது. ஜீப் வரும்வரை உள்ள அந்த நேரம்தான் நாளிலேயே கொடுமையானது. இன்னொரு பகலை எப்படிக் கடத்துவது என்ற பயம் வயிற்றில் பிசையும். சாயங்காலம் கொஞ்சம் லேசாகும், இரண்டு வார்த்தை பேசுவேன். அதைப் பார்த்த உறவுக்காரர் ஒருவர், "பாத்தியா, வேலைக்குப் போறதுக்குத்தான் இவனுக்கு நோவு" என்றார். அதிகாலை விழிப்பும், காலையில் கூடி மாலையில் தணிவதும் தீவிர மனச்சோர்வில் அடிக்கடி காணும் அடையாளங்கள் என்பது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

அடுத்துப் போனது ருசி. சோறு வாயில் சுற்றிச் சுற்றி வரும், இறங்காது. இடுப்பு வேட்டியை இறுக்கிக் கட்ட வேண்டியிருந்தது. பிறகு கை கால்கள். ஜீப்பிலிருந்து இறங்கி ஆபீஸ் அறைக்கு நடக்கிற சின்ன தூரம், மழையில் நனைந்த கோணிச்சாக்கைத் தலையில் வைத்து நடப்பதாக இருந்தது. செருப்பின் வாரை மாட்டக் குனிந்தவன் அப்படியே நின்றிருக்கிறேன். சோம்பேறித்தனத்தில் வேலையைத் தள்ளிப்போடுகிற சுகம் ஒன்று உண்டல்லவா, அதுவும் இதில் கிடையாது. எழுந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் இருக்கும். அந்த எண்ணம் உடம்புக்குப் போய்ச் சேராது.

துக்கத்தை நான் அறிவேன். அப்பா இறந்தபோது வாய்விட்டு அழுதேன். யாராவது ஊட்டிவிட்டால் சாப்பிட்டேன், அவர் பேச்சை நினைத்து நடுவில் சிரிக்கவும் செய்தேன். இதில் அழுகையே வரவில்லை. மகள் விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்து கட்டிக்கொண்டபோது, சந்தோஷப்பட வேண்டிய நேரம் இது என்று தெரிந்தது, சந்தோஷம் வரவில்லை. பிள்ளைமேல் பாசம்கூட இல்லாத ஆளாகிவிட்டேனே என்று அன்று இரவு முழுக்க என்னையே வெறுத்தேன். இந்த நோய் தருகிற வலிகளில் மிகக் கடுமையானது எது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

என் வேலை எண்களோடு. பெண்கள் காய் எடுத்து வந்ததும் ஆளுக்கு ஆள் எடை போட்டு எழுத வேண்டும். செக்ரோல் என்கிற பதிவேட்டில் ஆள் கணக்கு. ஸ்டோரில் உலர்த்திய காயின் கணக்கு. கூட்டல் எனக்கு மூச்சுவிடுகிற மாதிரி வரும் வேலை. செப்டம்பர் கடைசியில் ஒரே வரிசையைத் திரும்பத் திரும்பக் கூட்டியும் விடை வரவில்லை. ஒவ்வொரு எண்ணும் அடுத்த எண்ணைப் பார்ப்பதற்குள் மறந்துபோனது. குணமான பிறகு அந்த மாதத்துச் செக்ரோலை எடுத்துப் பார்த்தேன். முதல் வாரத்தில் கட்டத்தை நிறைத்து நிற்கிற என் எழுத்து மாதக் கடைசியில் கோட்டோடு ஒட்டிச் சுருங்கிக் கிடக்கிறது. உடம்பு எவ்வளவு மெதுவாகிவிட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

எல்லோரும் தேடிக்கொண்டிருந்த காரணத்தை, கடைசியில் நோயே தயாரித்துக் கொடுத்தது. பச்சைக்காய் ஏறக்குறைய ஐந்து கிலோ உலர்ந்தால் ஒரு கிலோ. ஈரப்பதத்தைப் பொறுத்து, காயின் முதிர்ச்சியைப் பொறுத்து அது கொஞ்சம் முன்பின் ஆகும். ஏலக்காயோடு பழகிய எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்த வித்தியாசம் நான் திருடியது என்று நம்ப ஆரம்பித்தேன். எடைத் தராசில் தொழிலாளிப் பெண்களை வருடக்கணக்காக ஏமாற்றியிருக்கிறேன், போலீஸ் மாநில எல்லையிலுள்ள கம்பம்மெட்டுச் செக்போஸ்டில் எனக்காகக் காத்திருக்கிறது, என் குடும்பம் தெருவுக்கு வரப்போகிறது என்று உறுதியாக நம்பினேன். சந்தேகம் என்றுகூடச் சொல்ல முடியாது. இரண்டும் இரண்டும் நாலு என்று தெரிவதுபோலத் தெரிந்தது. முதலாளியிடமே போய் ஒப்புக்கொண்டேன். அவர் கட்டப்பனையிலிருந்து ஆடிட்டரை வரவழைத்து மூன்று வருடக் கணக்கைப் பார்த்தார். "கணக்கெல்லாம் கிருத்தியமாயிட்டு உண்டு. பின்ன எந்தா?" என்றார் மலையாளத்தில். கணக்கெல்லாம் சரியாக இருக்கிறது, பிறகென்ன என்று அர்த்தம். ஆடிட்டரையும் நான் ஏமாற்றிவிட்டேன் என்று எனக்குத் தோன்றியது.

தீவிர மனச்சோர்வில் இப்படிப் பொய்யான குற்ற நம்பிக்கைகளும், சொத்தெல்லாம் அழிந்துவிட்டது என்ற நம்பிக்கைகளும் சிலருக்கு வரும். விவசாயிக்கு நிலம் போய்விட்டதாக, தாய்க்குப் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டதாக, அவரவர் எதை உயிராக நினைக்கிறாரோ அதன் வழியாகவே வரும். கணக்கனுக்குக் கணக்கு வழியாக வந்தது. பக்கத்தில் இருப்பவர்கள் இதை வாதாடி மாற்ற முடியாது. அவர் சொல்வதை ஒத்துக்கொள்ளவும் வேண்டாம். "உனக்கு அப்படித் தோணுது, அது எவ்வளவு பயமா இருக்கும்னு புரியுது, நாளைக்கு டாக்டர்கிட்ட போவோம்" என்பதற்கு மேல் பேச வேண்டியதில்லை. இந்த நிலை வந்துவிட்டால் நாளைக் கடத்தக்கூடாது.

நாங்கள் கடத்தினோம். அம்மா சொன்னது கண்ணேறு. போனஸ் வாங்கியதை ஊரே பார்த்ததாம். வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். "உனக்கு என்னய்யா குறை? ராசா மாதிரி வச்சிருக்காளே ஒம்பொண்டாட்டி" என்று தலையைத் தடவித் தடவிக் கேட்பாள். மச்சான் சொன்னது மலைக்குளிர். பள்ளத்தாக்கில் பிறந்த உடம்பு மேலே தாங்காது என்றார். தோட்டத்தில் சொன்னது, வெள்ளத்தில் மண் சரிந்ததைப் பார்த்த அதிர்ச்சி. பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி, யாரோ செய்துவைத்துவிட்டார்கள் என்று சொல்லி எங்களைக் கேரளத்துச் சோட்டானிக்கரைக் கோயிலுக்கு அனுப்பினார். ஒரு மருத்துவமனையில் ஊசி போட்டு, சத்து மாத்திரை எழுதி, "ஒன்றும் இல்லை, ரெஸ்ட் எடுங்க" என்று அனுப்பினார்கள். ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு பரிகாரம், ஒவ்வொரு பரிகாரத்துக்கும் சில வாரங்கள்.

கோயிலைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. சோட்டானிக்கரையில் குருதி பூஜை நேரத்தில் என் மனைவி அழுதது அவளுக்கு வேண்டியிருந்தது. இன்றும் வீரபாண்டித் திருவிழாவுக்குப் போகிறோம். ஆனால் கும்பிடுவதும் மாத்திரை சாப்பிடுவதும் ஒரே நாளில் நடக்கக்கூடிய காரியங்கள். கும்பிட்டு முடித்து, பலன் பார்த்து, பிறகு வைத்தியம் என்று வரிசை போடுவதுதான் ஆளைக் கொல்கிறது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தது, வைத்தியம் கிடைக்க வேண்டியவர்களை வேறெங்கோ விட்டுவைத்ததால்தான். அதை நம் தலைமுறை மறக்கக்கூடாது.

எங்களை மருத்துவரிடம் சேர்த்தது ஒரு மனிதரின் சொந்தக் கதை. என் மனைவிக்குத் தூரத்து உறவு, சின்னமனூர்ப் பக்கம், ஓய்வுபெற்ற வாத்தியார். விசாரிக்க வந்தவர் திண்ணையில் உட்கார்ந்தார். மற்றவர்களைப்போல ஏன் என்று கேட்கவில்லை. "காலையில மூணு மணிக்கு முழிப்பு வருதா?" என்றார். நான் தலையாட்டினேன். "குளிக்கணும்னா மலையேறுற மாதிரி இருக்கா?" ஆமாம். "செத்துட்டா எல்லாருக்கும் நல்லதுன்னு தோணுதா?" நான் பேசவில்லை. "எனக்கு ரெண்டு தடவை வந்துச்சுய்யா. ரெண்டு தடவையும் போயிருச்சு" என்றார். தன் முப்பது வயதில் பள்ளிக்கூட வாசல்வரை போய் உள்ளே நுழைய முடியாமல் திரும்பியதை, பிள்ளைகள் பெயர் மறந்ததை, வைத்தியம் பார்த்ததை எல்லாம் என் மனைவியையும் உட்காரவைத்துச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல, என் உடம்பில் நடப்பதை இன்னொருவர் வாயால் கேட்டேன். தேற வழி இருக்கிறது என்று நான் நம்பவில்லை, அந்த நிலையில் நம்ப முடியாது. ஆனால் இது எனக்கு மட்டும் நடக்கிற தண்டனை இல்லை என்பது உறைத்தது. என் மனைவிக்கோ அன்றே எல்லாம் தெளிந்துவிட்டது. மறுநாள் மதுரைக்குப் பஸ் ஏறினோம், அவரும் கூட வந்தார்.

இப்படி வந்து தேறியவர்கள் வாய் திறக்க வேண்டும் என்று நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பெங்களூரு மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயது வந்தவர்களில் 20 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது மனச்சோர்வு வந்திருப்பதாகச் சொன்னது. நாங்கள் போகிற ஒரு ஜீப்பில் ஏறுகிறவர்களில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். அவர் யார் என்று நமக்குத் தெரியாது. அவருக்கும் தன் நோயின் பெயர் தெரியாது.

மதுரையில் டாக்டரம்மா ஏன் என்று கேட்கவே இல்லை. என்ன, எப்போதிலிருந்து, எவ்வளவு, இவைதான் கேள்விகள். இரண்டு வாரமாவது விடாமல் இருக்கிறதா, தூக்கம், பசி, வேகம், கவனம், ஆர்வம், குற்ற உணர்வு, சாவு பற்றிய எண்ணம். முதலில் ரத்தம் எடுக்கச் சொன்னார். தைராய்டு குறைந்தாலும், ரத்தம் குறைந்தாலும், பி12 குறைந்தாலும் இதே மாதிரி வரலாம் என்பதால் அதைப் பார்க்காமல் தொடங்க மாட்டேன் என்றார். மனநல மருத்துவரிடம் போனால் ரத்தப் பரிசோதனையை வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

என் மனைவிதான் கேட்டாள், "மனசுல இருக்கிறத மாத்திரை எப்படிம்மா சரி பண்ணும்?" என்று. அதற்கு அவர் சொன்னதை நான் பல பேருக்குத் திருப்பிச் சொல்லியிருக்கிறேன். 1952-இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் காசநோய் மருத்துவமனை ஒன்றில் புது மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். நுரையீரலுக்காகக் கொடுத்த மருந்து. படுத்த படுக்கையாக இருந்தவர்கள் உற்சாகமாகிச் சாப்பாடு கேட்டார்கள், வார்டில் ஆடினார்கள். அவர்களுடைய வறுமையும் மாறவில்லை, குடும்பமும் மாறவில்லை. மருந்து மூளையில் எதையோ மாற்றியது. மனச்சோர்வுக்கான மாத்திரைகளின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

மாத்திரை உடனே கேட்காது. இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் வாரத்தில் வயிற்றுப் புரட்டலும் படபடப்பும் வரலாம், பெரும்பாலும் தானே அடங்கும். பலர் இந்த இடத்தில்தான், பலன் ஒன்றும் தெரியாமல் பக்கவிளைவு மட்டும் தெரிகிற நேரத்தில், விட்டுவிடுகிறார்கள். அன்றைக்கே யாராவது இதைச் சொல்லி அனுப்ப வேண்டும்.

எனக்கு அந்தக் காத்திருப்புக்கு அவகாசம் இல்லை. சாப்பாடு நின்றுவிட்டது, பொய்யான நம்பிக்கைகள் வேறு. கரண்ட் சிகிச்சை செய்யலாம் என்றார்கள். அம்மா அலறிவிட்டாள். சினிமாவில் ஆளைக் கட்டிப்போட்டுச் செய்வதைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். முந்தின இரவிலிருந்து வெறும் வயிறு. காலையில் ஆபரேஷனுக்குப் போவதுபோலப் படுக்கவைத்துக் கையில் ஊசி. மயக்க டாக்டர் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டேன். தசை தளர்வதற்கும் மருந்து கொடுப்பதால் உடம்பு தூக்கிப்போடாது. மூளைக்குள் அரை நிமிடம் போல ஒரு வலிப்பு நடக்கும், அதுதான் சிகிச்சை. விழித்தபோது தலைவலி, குழப்பம், ஒரு காப்பி. அவ்வளவுதான். 1938-இல் ரோமில் இது தொடங்கியபோது மயக்க மருந்து கிடையாது. சினிமா காட்டுவது அந்தக் காலத்தை. இன்று 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் இதைச் செய்வது குற்றம். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, மொத்தம் 6 முதல் 12 வரை என்பது வழக்கம். அந்த வாரங்களின் நினைவு எனக்கு அங்கங்கே விட்டுப்போயிருக்கிறது. மகள் வந்து போனது எனக்கு ஞாபகம் இல்லை. அது ஒரு விலை. ஆனால் மூன்றாம் வாரத்தில் ஒரு காலை, ஆஸ்பத்திரி கேன்டீன் சாம்பாரில் பெருங்காய வாசனை தெரிந்தது. அன்று இரண்டு இட்லி அதிகம் கேட்டேன். மனைவி வெளியே போய் அழுதுவிட்டு வந்தாள். செக்போஸ்டில் போலீஸ் நிற்கிறது என்ற நம்பிக்கை எந்த நாளில் போனது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் யோசித்துப் பார்த்தபோது அது அங்கே இல்லை.

தேறுவதற்கு ஒரு வரிசை உண்டு, அதை வீட்டில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்குத் தூக்கம் முதலில் வந்தது, பிறகு பசி, பிறகு நடையில் வேகம். மனம் கடைசியில்தான் வந்தது. உடம்பில் தெம்பு வந்து மனதில் நம்பிக்கை வராத அந்த இடைவெளி ஆபத்தானது. எழுந்து நடக்கிறாரே என்று எல்லோரும் நிம்மதியாகிற வாரங்களில்தான் கூடவே இருக்க வேண்டும்.

அந்த விஷயத்தைப் பேசாமல் இதை முடிக்க முடியாது. மதுரைக்குப் போவதற்கு முந்தின இரவு என் மனைவி நேராகக் கேட்டாள்: "ஏங்க, சாகணும்னு தோணுதா?" வாத்தியார்தான் கேட்கச் சொல்லியிருந்தார். ஆமாம் என்றேன். அதைச் சொன்னதும் என் உடம்பு கொஞ்சம் தளர்ந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம். எண்ணம் ஏற்கெனவே இருக்கும், கேட்டால் அது தனிமையிலிருந்து வெளியே வரும். அன்று இரவே அவள் முதலாளிக்குப் போன் போட்டு, தோட்டத்துப் பூச்சிமருந்து ஷெட்டின் சாவி இனி என்னிடம் இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டாள். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் சாவியைச் சூப்பர்வைசரிடம் மாற்றினார். ஏலத்தோட்டம், திராட்சைத் தோட்டம் என்று பூச்சிமருந்து புழங்குகிற எங்கள் பகுதியில் இது ஒவ்வொரு வீடும் செய்ய வேண்டிய காரியம். மருந்தைப் பூட்டி, சாவியை வேறு வீட்டில் கொடுங்கள். இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை 1990-களிலிருந்து படிப்படியாகத் தடை செய்தபோது தற்கொலைகள் பெருமளவு குறைந்தன. கேரளமும் 2011-இல் பல பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. அந்த எண்ணத்தின் உச்சம் கடந்துபோகிற ஒன்று. அந்த நேரத்தில் கைக்கெட்டுகிற தூரத்தில் எதுவும் இல்லாவிட்டால் பலர் பிழைத்துக்கொள்வார்கள்.

முயன்றுவிட்டால் கேஸ் வரும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் நாட்டு வைத்தியம் பார்த்த குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்தப் பயம் வேண்டாம். 2017 சட்டத்தின் 115-ஆம் பிரிவு, வேறு விதமாக நிரூபிக்கப்படாதவரை, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக்கூடாது என்கிறது.

வீட்டில் என்ன செய்தால் உதவும் என்று கேட்பவர்களுக்கு: கேள்விகளைக் குறையுங்கள். "என்ன சாப்பிடுறீங்க?" என்பது அந்த நிலையில் பெரிய பரீட்சை. இட்லியா தோசையா என்று முடிவெடுக்க முடியாமல் நான் தவித்திருக்கிறேன். என் மனைவி இதைத் தானாகவே புரிந்துகொண்டாள். கேட்காமல் தயிர்சோறைக் குழைத்து முன்னால் வைப்பாள். "குளிக்கலியா?" என்று கேட்க மாட்டாள்; "தண்ணி வெளாவி வச்சிருக்கேன், துண்டு கொடியில இருக்கு" என்பாள். போய்விடுவேன். மச்சான் தினமும் சாயங்காலம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து செய்தி பார்ப்பார், பேச மாட்டார். அவர் மலைக்குளிர் என்று சொன்னவர்தான், ஆனால் அவர் வந்து உட்கார்ந்த அந்த ஒரு மணி நேரத்துக்கு நான் என்றும் கடன்பட்டவன். ஜீப் டிரைவர் தம்பி வாரம் தவறாமல் வாசலில் நிறுத்தி, "அண்ணே, எடம் வச்சிருக்கேன், எப்ப வேணா வாங்க" என்று சொல்லிவிட்டுப் போவான். வேலை எனக்காக இருக்கிறது என்பது மருந்தாக இருந்தது. திரும்பியபோது முதலாளி கணக்கைக் கொடுக்கவில்லை. முதலில் அரை நாள், ஸ்டோரில் காய் தரம் பிரிக்கிற இடத்தில் மேற்பார்வை. பிறகு முழு நாள். கூட்டல் திரும்பி வந்ததும் செக்ரோல்.

"மனசத் தைரியமா வச்சுக்க", "உன்னவிடக் கஷ்டப்படுறவன் எத்தன பேரு" என்று சொல்கிறவர்கள் அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் ஏற்கெனவே குற்ற உணர்வில் கிடப்பவனுக்கு அது இன்னொரு குற்றச்சாட்டாகத்தான் கேட்கும்.

காரணமே இல்லாமல்தான் இந்த நோய் வரும் என்று நான் சொல்லவில்லை. எங்கள் தோட்டத்தில் காய் எடுக்க வருகிற அக்கா ஒருத்தி, வருடக்கணக்காக முதுகுவலி, தலைவலி என்று மாத்திரை வாங்கித் தின்றவள். வீட்டில் அடி. நாலு மணிக்கு எழுந்து சமைத்து, மலையேறி, குனிந்தே நின்று, இறங்கிப் போய் மறுபடி அடி. அவளுக்குக் காரணம் கண்முன்னால் இருந்தது. ஆனால் காரணம் தெரிந்ததாலேயே "இவ்வளவு கஷ்டத்துல யாருக்குத்தான் மனசு நல்லா இருக்கும்" என்று சொல்லி அவளுக்கும் வைத்தியம் பார்க்காமல் விட்டிருந்தார்கள். காரணம் இல்லாததால் எனக்கு வைத்தியம் தள்ளிப்போனது. காரணம் இருந்ததால் அவளுக்குத் தள்ளிப்போனது. அடிக்கிறவனைத் தடுக்கவும் வேண்டும், அவள் தூக்கத்துக்கும் சோர்வுக்கும் மருந்தும் வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்த பிறகுதான் அவள் தேறினாள்.

எல்லையில் வாழ்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். 2020 மார்ச்சில் இரண்டு பக்கமும் செக்போஸ்டை அடைத்தபோது, கட்டப்பனையில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த கம்பத்துக்காரர்கள் மாத்திரை இல்லாமல் திண்டாடினார்கள். இந்த மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல் வரும், நோயும் திரும்பலாம். எனக்கு மதுரை டாக்டரம்மா போனிலேயே பார்த்தார். அந்த மாதம் 25-ஆம் தேதிதான் மத்திய அரசு தொலைபேசி மருத்துவத்துக்கான வழிகாட்டுதலை வெளியிட்டிருந்தது. மருந்துச் சீட்டை எப்போதும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருந்தின் பெயரும் மில்லிகிராமும் தெரிந்தால் வேறு ஊர் மருத்துவமனையில் தொடர்வது எளிது. தேனிக்காரர்களுக்குக் கானாவிலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இரவில் யாரும் இல்லாத நேரத்துக்கு 14416. இது 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ், இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். தமிழ்நாட்டில் 104, கேரளத்தில் 1056-ம் உண்டு. போன் பண்ணுகிறவர் நோயாளியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனைவியும் பண்ணலாம்.

மகள் ஒரு நாள் கேட்டாள், "அப்பா, எனக்கும் வருமா?" என்று. டாக்டரம்மாவிடமே கூட்டிப்போனேன். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் பரம்பரையின் பங்கு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் என்று தெரிகிறது, வந்தே தீரும் என்று அர்த்தம் இல்லை, ஆனால் தூக்கம் கெட்டால் சும்மா விடாதே என்றார். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. தெரியாமல் பயப்படுவதைவிடத் தெரிந்து கவனமாக இருப்பது நல்லது என்று சொன்னாள்.

எனக்குத் திரும்ப வரலாம். ஒரு தடவை வந்தவர்களில் பாதிப் பேருக்காவது மறுபடி வருகிறது. அதனால் தேறிய பிறகும் நீண்ட நாள் மாத்திரை சாப்பிட்டேன், பிறகு டாக்டரம்மா சொன்ன அளவில் மெல்ல மெல்லக் குறைத்தேன். நல்ல நிலையில் இருக்கும்போதே மனைவியும் நானும் உட்கார்ந்து ஒரு தாள் எழுதினோம். மூன்று மணி விழிப்பு ஒரு வாரம் தொடர்ந்தால், சவரம் செய்வதை நிறுத்தினால், கணக்கில் தப்பு செய்துவிட்டேன் என்று பேச ஆரம்பித்தால், என்னிடம் சம்மதம் கேட்டுக்கொண்டிருக்காமல் மதுரைக்குக் கூட்டிப்போக வேண்டும். எந்த மருந்து கேட்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்ற விவரமும் அதில் இருக்கிறது. என்னால் முடிவெடுக்க முடியாத நிலை வந்தால் எனக்காகப் பேச அவளை நியமிக்கிறேன் என்று 2017 சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி தனியாக ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதற்கு முத்திரைத்தாளோ வக்கீலோ தேவையில்லை. நகல்கள் மச்சானிடமும் முதலாளியிடமும் இருக்கின்றன. இந்த வருடக் காய் எடுப்பு தொடங்குவதற்கு முன்னால் மாத்திரை விவரத்தை மட்டும் ஒரு தடவை திருத்தி எழுத வேண்டும்.